படிப்பும் பகுதிநேரப் பணியும்

நுழையும்முன்

கல்லூரியில் இயற்பியல் பயில விரும்பும் மாணவர் பலர், படிப்புச் செலவில் ஒரு பகுதியையேனும் தாமே ஈட்ட வேண்டிய நிலையில் உள்ளனர். கட்டணம், பேருந்துச் செலவு, விடுதி உணவு, ஆய்வக ஏடு என்று தேவைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்காக ஏற்கும் பணி படிப்பின் நேரத்தை விழுங்கிவிடுவதும் உண்டு. வகுப்பறையில் விளங்காத ஒன்றை விளங்கவைப்பதும் உண்டு. இரண்டாவது வகைப் பணி எங்கே இருக்கிறது, அதை எவ்வாறு அடையாளம் காண்பது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

பாரிசில் ஒரு மாணவி

1891ஆம் ஆண்டின் இறுதியில், போலந்தின் வார்சா நகரிலிருந்து மரியா ஸ்க்வோடோவ்ஸ்கா என்னும் இளம்பெண் பாரிசுக்கு வந்து, சோர்போன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24. வார்சாப் பல்கலைக்கழகம் அந்நாளில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பாரிசுக்கு வருவதற்குரிய பணமோ குடும்பத்தில் இல்லை. ஆகவே தமக்கை புரோனியாவும் அவரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். முதலில் தமக்கை பாரிசு சென்று மருத்துவம் படிப்பது. தங்கை பணிசெய்து பணம் அனுப்புவது. பின்னர்த் தங்கை படிக்கத் தமக்கை உதவுவது என்பதே அது.

அந்த உடன்பாட்டின்படி மரியா செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கு, அவ்வீட்டிலேயே தங்கிப் பாடம் சொல்லும் ஆசிரியையானார். வார்சாவுக்கு வடக்கே, சர்க்கரைக் கிழங்கு வயல்கள் சூழ்ந்த ஓர் ஊரில் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அப்பணியைச் செய்தார். பகலில் குழந்தைகளுக்குப் பாடம். இரவில் தமக்காக இயற்பியல், கணித நூல்கள். அப்பணிக்கும் இயற்பியலுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. பணம் வந்தது, இரவு மட்டும் அவருக்கு உரியதாக எஞ்சியது.

பாரிசில் மாணவியான பிறகும் வருவாய்க்குத் தேவை நீங்கவில்லை. பகலில் படிப்பும் மாலையில் தனிப்பயிற்சி வகுப்புகளுமாக நாள்கள் கழிந்தன. குளிர்காலத்தில் கரி வாங்கும் காசையும் எண்ணிச் செலவிட வேண்டியிருந்தது. 1893இல் இயற்பியல் பட்டத் தேர்வில் அவர் முதலிடம் பெற்றார். கணிதப் பட்டத்தையும் பெற விரும்பினார்; கையில் பணமில்லை. அப்போது போலந்திலிருந்து அலெக்சாண்ட்ரோவிச் உதவித்தொகையாக 600 ரூபிள் கிடைத்தது. மறு ஆண்டில் கணிதப் பட்டத்தையும் இரண்டாமிடத்தில் தேறிப் பெற்றார்.

இந்தக் காலத்தில்தான் மூன்றாவது பணி வந்தது. பிரான்சின் தேசியத் தொழில் ஊக்குவிப்புக் கழகம், பல்வேறு எஃகு வகைகளின் காந்தப் பண்புகளை ஆராயும் பணியை ஊதியத்தோடு அவருக்கு அளித்தது. எந்த எஃகு நல்ல நிலைக்காந்தமாகும், வெவ்வேறு உலோகங்களைக் கலந்தால் அதன் காந்தத்தன்மை எவ்வாறு மாறும் என்பவை தொழிற்சாலைகளுக்குத் தேவைப்பட்ட செய்திகள். பேராசிரியர் கேப்ரியல் லிப்மனின் ஆய்வகத்தில் மரியா வேலையைத் தொடங்கினார். எஃகுத் துண்டுகளைச் சேகரித்தல், சூடேற்றிக் குளிர்வித்தல், காந்தமாக்குதல், அளத்தல், மீண்டும் அளத்தல் என்று அப்பணி நீண்டது. ஆய்வகத்தில் இடம் போதவில்லை. வேறு இடம் தேடியபோது, போலந்து நாட்டு இயற்பியலாளரான கொவால்ஸ்கி 1894இல் அவரை ஓர் அறிஞரிடம் அறிமுகப்படுத்தினார். அந்த அறிஞர் காந்தவியலில் ஏற்கெனவே பெயர்பெற்றிருந்த பியரி கியூரி. பிற்காலத்தில் உலகம் மேரி கியூரி என்று அழைத்த அப்பெண்மணியின் முதல் ஆய்வறிக்கை, இந்த எஃகு ஆய்வைப் பற்றியதே, 1898இல் வெளியானது.

தாம் பெற்ற 600 ரூபிளையும் எஃகு ஆய்வின் ஊதியத்திலிருந்து மேரி திருப்பிச் செலுத்தினார் என்று அவருடைய மகள் ஈவ் கியூரி எழுதிய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. திருப்பித் தர வேண்டும் என்னும் விதி ஏதும் அந்த உதவித்தொகைக்கு இல்லை. தம்மைப் போன்ற வேறொரு மாணவிக்கு அத்தொகை பயன்பட வேண்டும் என்றே அவர் எண்ணினார்.

பொருத்தம் என்பது எது?

ஒரே மாணவி செய்த மூன்று பணிகள் இவை. முதலாவது, பணத்தை மட்டும் தந்தது. இரண்டாவது, பாடத்தை ஒட்டி நின்றது. மூன்றாவது, பாடத்தின் உள்ளேயே அமைந்தது. மூன்றாவது பணி கிடைக்கும்வரை அவர் முதலிரண்டையும் மறுத்துக் காத்திருக்கவில்லை என்பது கருதத்தக்கது. காத்திருந்தால் பாரிசுக்கே வந்திருக்க இயலாது.

ஒரு பணி இயற்பியலுக்குப் பொருத்தமானதா என்பதை அதன் பெயரைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது. ஓர் அறிவியல் நிறுவனத்தின் வரவேற்பறையில் பதிவேட்டில் பெயர் எழுதுவதைவிட, ஊர்ச்சந்தியில் மின்விசிறி பழுதுபார்க்கும் கடையில் உதவியாளராக இருப்பது இயற்பியலுக்கு நெருக்கமானது. அப்பணியில் மாணவர் எதையேனும் அளக்கிறாரா? அளவு தவறினால் என்ன நேரும் என்பதைக் காண்கிறாரா? ஏன் இவ்வாறு நடக்கிறது என்று கேட்க இடமிருக்கிறதா? இவற்றுக்கு ஆம் என்று விடை வருமானால், கடையின் பலகையில் எது எழுதப்பட்டிருந்தாலும் அது பொருத்தமான பணியே.

காயில் கட்டும் கடை

தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்றேனும் இருக்கும். கோவை போன்ற நகரங்களில் இத்தகைய கடைகள் தெருத்தெருவாக உள்ளன. உழவர் ஒருவர் கிணற்று மோட்டாரை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்குகிறார். பயிர் வாடிக்கொண்டிருக்கிறது, விரைவில் வேண்டும் என்கிறார். இயற்பியல் மாணவர் அங்கே கவனிக்க எவ்வளவோ இருக்கிறது.

மோட்டார் ஏன் எரிந்தது? பெரும்பாலும் குறைந்த மின்னழுத்தம் காரணமாகும். மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் குறையும் என்றே ஓம் விதியைப் படித்த மாணவர் எண்ணுவார். சுமையோடு சுழலும் மோட்டாரில் நிகழ்வது வேறு. இறைக்க வேண்டிய நீர் அப்படியே இருக்கிறது. வேகம் சற்றுக் குறைகிறது. அதே சுமையைத் தாங்க மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. கம்பியில் தோன்றும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. மின்னோட்டம் 10 விழுக்காடு கூடினால் வெப்பம் 21 விழுக்காடு கூடுகிறது. கம்பியின் மேற்பூச்சு கருகுகிறது, சுற்றுகள் ஒன்றையொன்று தொடுகின்றன, புகை வருகிறது. வகுப்பில் ஒரு சமன்பாடாக எழுதப்பட்டது இங்கே கருகிய நாற்றமாக மூக்கில் ஏறுகிறது. அந்த நாற்றத்தை அறிந்தவர் சமன்பாட்டை எளிதில் மறப்பதில்லை.

அடுத்து, பழைய கம்பியை அறுத்தெடுத்துச் சுற்றுகளை எண்ண வேண்டும். எண்ணிக்கை தவறினால் புதிய காயிலும் எரியும். கம்பியின் தடிமனைத் திருகு அளவியால் அளக்க வேண்டும். பதினோராம் வகுப்பு ஆய்வகத்தில் 0.01 மில்லிமீட்டர் மீச்சிற்றளவு என்று ஏட்டில் எழுதப்படும் அதே கருவி. ஆய்வகத்தில் அளவு தவறினால் ஒரு மதிப்பெண் குறையும். கடையில் 0.80 மில்லிமீட்டர் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் 0.75 மில்லிமீட்டர் கம்பியைச் சுற்றினால், மின்தடை ஏறத்தாழ 14 விழுக்காடு உயர்ந்துவிடும். உழவரின் மோட்டார் மறுபடியும் வண்டியேறும். மேற்பூச்சையும் சேர்த்து அளந்தோமா, சுரண்டிவிட்டு அளந்தோமா என்பதுகூட அங்கே பெரிய கேள்வி. அளவீட்டில் பிழை என்னும் பாடத்துக்கு இதனினும் நல்ல ஆய்வகம் அமைவது அரிது.

காயில் கட்டும் கைத்தேர்ந்தவர் பலர் இயற்பியல் பட்டம் பெற்றவரல்லர். எத்தனை சுற்று, எந்தக் கம்பி, எந்தக் காடியிலிருந்து எந்தக் காடிக்கு என்பதை அவர்கள் கையால் அறிந்தவர்கள். ஏன் என்பதற்கு அவர்களிடம் எப்போதும் விடை இருக்குமென்று சொல்ல இயலாது. மாணவரிடமோ ஏன் என்பது மட்டும் இருக்கிறது, கை இல்லை. இருவரும் ஒரே மேசையில் அமர்வதால் இருவருக்குமே ஆதாயம் உண்டு. இத்தகைய கடையில் முதல் சில வாரங்கள் மாணவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பெருக்குதலும் தேநீர் வாங்கி வருதலுமே. அதைக் குறையாகக் கருதி விலகியவர்கள் காயிலைத் தொடாமலே போனார்கள். மின்சாரத்தோடு பழகும் இடமாதலால், மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே கைவைத்தல் என்னும் ஒழுங்கைக் கடைக்காரர் கடைப்பிடிக்கிறாரா என்பதை முதல் நாளிலேயே கவனித்துவிட வேண்டும். கடைப்பிடிக்காத கடை, எவ்வளவு கூலி தந்தாலும் வேண்டாம்.

இத்தகைய வேறு இடங்களும் உண்டு. மூக்குக் கண்ணாடிக் கடையில் +2.00 என்று எழுதப்பட்ட லென்சு, 50 செ.மீ. குவியத்தொலைவு கொண்ட குவிலென்சே. அதன் வழியே சுவரில் வரைந்த ஒரு சிலுவைக்கோட்டைப் பார்த்து, லென்சை மெல்ல அசைத்தால், கோடு எதிர்த்திசையில் நகரும். குழிலென்சாயின் அதே திசையில் நகரும். அளவு தெரியாத லென்சோடு அதற்கு எதிரான லென்சுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து, கோடு நகராமல் நிற்கும் இணையைக் கண்டால் லென்சின் திறன் தெரிந்துவிடும். கருவி ஏதுமின்றிக் கடைக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவந்த சோதனை இது. சூரிய மின்தகடு பொருத்துவோர், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவோர், கைப்பேசி பழுதுபார்ப்போர், கல்லூரி ஆய்வகங்களுக்குக் கருவி வழங்குவோர் ஆகியோரிடமும் கேட்டுப் பார்க்கலாம். கணினியில் நாட்டமுள்ளவர்கள் பைத்தான் மொழியில் தரவுகளை வரைபடமாக்கவும், சமன்பாடுகளோடு கூடிய வினாத்தாள்களை அச்சுக்கோக்கவும் கற்றுக்கொண்டால் வீட்டிலிருந்தே சிறு வருவாய்க்கு வழியுண்டு.

சொல்லிக்கொடுத்தல்

இயற்பியல் மாணவருக்கு எளிதில் கிடைக்கும் பணி தனிப்பயிற்சி வகுப்பே. அதைத் தாழ்வாக நினைப்பாரும் உளர். ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் சூரிக்கில் 1900இல் பட்டம் பெற்ற பிறகு, நிலையான வேலை கிடைக்காமல் அலைந்தார். 1902ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெர்ன் நகர நாளிதழில் ஒரு சிறு விளம்பரம் கொடுத்தார். கணிதமும் இயற்பியலும் தனியாகக் கற்பிக்கப்படும் என்றும், முதல் வகுப்புக்குக் கட்டணமில்லை என்றும் அவ்விளம்பரம் கூறியது. அதைக் கண்டு மோரிஸ் சோலோவின் என்னும் மாணவர் வந்தார். பாடம் சில நாள்களிலேயே விவாதமாக மாறியது. கட்டணப் பேச்சு மறைந்தது. நண்பர் கான்ராட் ஹபிக்ட்டும் சேர, மூவரும் கூடி நூல்களைப் படித்து வாதிடும் சிறு குழு ஒன்று உருவாயிற்று. விளையாட்டாக அதற்கு ‘ஒலிம்பியா கழகம்’ என்று பெயரிட்டுக்கொண்டனர். வருவாய்க்கென்று பார்த்தால் அந்த விளம்பரம் தோல்வியே. அதே ஆண்டு சூன் மாதத்தில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை கிடைத்த பின்னர்தான் ஐன்ஸ்டைனின் வறுமை தீர்ந்தது.

ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர், ‘இரும்பு மூழ்கும்போது இரும்புக் கப்பல் ஏன் மிதக்கிறது?’ என்று கேட்கிறார். ஆர்க்கிமிடிசின் பெயரைச் சொல்லிவிட்டால் அவர் விடமாட்டார், ‘அது ஏன்?’ என்பார். மூன்றாவது ‘ஏன்’ வரும்போது, கற்பிப்பவர் தமக்கே தெரியாத இடத்தில் வந்து நிற்கிறார். தேர்வில் நழுவிவிட்ட அந்த இடத்தை ஒரு சிறுவன் பிடித்துவிட்டான். அன்றிரவு பாடநூலைத் திறப்பவருக்குத் தனிப்பயிற்சி பொருத்தமான பணி. வினாவிடைக் கையேட்டை ஒப்பிக்கவைத்துக் காசு வாங்குபவருக்கு அது வெறும் காசு. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மேல்நிலைக் கல்வி முடித்தோரும் தன்னார்வலர்களாகித் தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு மாலை நேரத்தில் கற்பித்தனர். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகையும் பெற்றனர். தொகை சிறிது. ஆறு வயதுக் குழந்தைக்கு நிழல் ஏன் மாலையில் நீள்கிறது என்று விளக்கப் பழகியவர், பின்னர் எந்த அவையிலும் தடுமாறுவதில்லை.

தொடர்பில்லாத பணி

எல்லா ஊரிலும் எல்லாருக்கும் பொருத்தமான பணி கிடைத்துவிடாது. முகூர்த்த நாள்களில் திருமண மண்டபத்தில் பந்தி பரிமாறுவது, தீபாவளிக்கு முன் துணிக்கடையில் நிற்பது, விடியற்காலையில் பாலும் நாளிதழும் போடுவது ஆகியவையே பல மாணவர்களின் உண்மையான பகுதிநேரப் பணிகள். காயில் கட்டும் கடையில் பழகுநருக்குக் கிடைப்பதைவிட ஒரு நாள் பந்தியில் கூடுதலாகவே கிடைக்கும். வீட்டில் அடுப்பெரிவது அந்தக் காசைப் பொறுத்ததாக இருந்தால் அதையே ஏற்க வேண்டும். அங்கே பொருத்தத்தைப் பற்றிப் பேசுவது பசித்தவரிடம் சுவையைப் பற்றிப் பேசுவதாகும். முகூர்த்தமில்லாத மாதங்களிலாவது கடைப்பக்கம் செல்ல முடியுமா என்று பார்ப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

சர் சி. வி. இராமன் இவ்வகையில் நினைக்கத்தக்கவர். சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலை முடித்த அவர், 1907இல் நடுவண் அரசின் நிதித்துறையில் அதிகாரியாகிக் கல்கத்தா சென்றார். கணக்கு ஏடுகளில் இயற்பியல் ஏதுமில்லை. ஆனால் அந்நகரின் பௌபசார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகம் இருந்தது. அலுவலகம் செல்லும் முன்னும் முடித்து வந்த பின்னும் இராமன் அங்கே ஆய்வு செய்தார். 1917இல் பேராசிரியர் பதவியை ஏற்று நிதித்துறையை விட்டு விலகும்வரை கல்கத்தாவில் இருந்த ஆண்டுகள் இவ்வாறே சென்றன. அவர் மாணவரல்லர்; முழுநேர அதிகாரி. எனினும் பணி தொடர்பில்லாததாக இருக்கும்போது, நாளின் எந்த மணி நேரம் எவராலும் தொடப்படாமல் இயற்பியலுக்கென்று நிற்கிறது என்பதே கேள்வி என்பதை அவருடைய கல்கத்தா வாழ்க்கை காட்டுகிறது.

பணியைத் தேடுதல்

அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் வகுப்புகள் இரு சுழற்சிகளாக நடைபெறுகின்றன. காலைச் சுழற்சியில் பயில்பவருக்குப் பிற்பகலும், மாலைச் சுழற்சியில் பயில்பவருக்கு முற்பகலும் எஞ்சுகின்றன. இயற்பியலில் ஆய்வக நேரம் மிகுதி. எனவே ஆய்வக நாள்கள் எவை, ஏடு எழுதும் இரவுகள் எவை என்று முதலில் குறித்துவிட்டு, எஞ்சியதையே பணிக்குத் தர வேண்டும். இரவு முழுதும் விழித்திருக்கும் பணியை ஏற்றவர், காலையில் ஊசலின் அலைவுகளை எண்ணும்போது தூங்கிவிடுவார்.

கேட்க வேண்டிய முதல் ஆள் கல்லூரி ஆய்வக உதவியாளர். பழுதான கருவிகள் எந்தக் கடைக்குச் செல்கின்றன, எந்தக் கடைக்காரருக்குப் பொறுமை மிகுதி என்பதெல்லாம் பேராசிரியரைவிட அவருக்கே நன்கு தெரியும். அடுத்து, ஒரு தாளில் தம்மைப் பற்றி எழுதிக்கொள்ள வேண்டும். ‘கடின உழைப்பாளி, ஆர்வம் மிக்கவர்’ என்னும் தொடர்களால் பயனில்லை. எல்லாரும் அவ்வாறே எழுதுகின்றனர். ‘திருகு அளவியும் வெர்னியர் அளவியும் பயன்படுத்தத் தெரியும், மல்டிமீட்டரால் மின்னழுத்தம், மின்தடை அளக்கத் தெரியும், சால்டரிங் தெரியாது, கற்றுக்கொள்வேன், திங்கள், புதன், வெள்ளி பிற்பகல் இரண்டு முதல் ஆறு வரை வர இயலும்’ என்று எழுதினால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். தெரியாததைத் தெரியாது என்று எழுதியதே அவருக்கு நம்பிக்கை தரும். கூலி எவ்வளவு, நாள்தோறுமா மாதந்தோறுமா, தேர்வு மாதத்தில் விடுப்பு உண்டா என்பவற்றை முதல் நாளிலேயே கேட்டுவிட வேண்டும். கூச்சத்தால் கேளாதவர் மாத முடிவில் வருந்துவர்.

பணி தருவதற்கு முன்பணம் கேட்பவரிடம் பணி இல்லை. வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து ஆயிரக்கணக்கில் ஈட்டலாம் என்று கைப்பேசிக்கு வரும் செய்திகள் பெரும்பாலும் இவ்வகையின. மதிப்பெண் சான்றிதழின் படியைக் கொடுக்கலாம். மூலச்சான்றிதழை எவரிடமும் விட்டுவைக்கலாகாது.

கோடை விடுமுறைக்கு வேறொரு வழி உண்டு. பெங்களூருவில் 1934இல் இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகம், பிற இரு தேசிய அறிவியல் கழகங்களோடு சேர்ந்து, கல்லூரி மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை வழங்கிவருகிறது. தேர்ந்தெடுக்கப்படும் மாணவர் ஏறத்தாழ இரு மாதங்கள் ஓர் ஆய்வாளரின் கீழ் அவருடைய ஆய்வகத்திலேயே உதவித்தொகையோடு பணியாற்றலாம். போட்டி கடுமையானது. விண்ணப்பத்தில், தாம் எதை ஆராய விரும்புகிறார், ஏன் விரும்புகிறார் என்று மாணவர் தம் சொற்களில் எழுத வேண்டும். கிணற்று மோட்டார் ஏன் எரிகிறது என்று இரண்டு ஆண்டுகள் கடையில் நின்று பார்த்தவருக்கு, அந்த இடத்தில் எழுத ஒரு செய்தி இருக்கும்.

கற்பவை கற்றபின்...

உங்கள் ஊரில் உள்ள பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்குச் சென்று, அங்கே அளக்கப்படும் அளவுகள் எவை, அவை எந்தக் கருவிகளால் அளக்கப்படுகின்றன என்பதைக் கேட்டறிந்து, இயற்பியல் பாடத்தோடு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

பகுதிநேரப் பணி கேட்டுக் கடை உரிமையாளர் ஒருவருக்கு, உங்களால் இன்று உண்மையாகச் செய்ய இயன்றவற்றை மட்டும் குறிப்பிட்டுக் கடிதம் வரைக.